நின்றுபோன புல்வெட்டி இயந்திரத்தை வீட்டிலேயே திருத்துவது எப்படி?



தை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்த மாரி மழையில் மைதானத்துப் புல் முழங்காலளவுக்கு வளர்ந்து நிற்கும். ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னர் அந்தப் புல்லை வெட்டியாக வேண்டும். சித்திரை மாதத்திலிருந்து களஞ்சிய அறையில் கிடந்த புல்வெட்டி இயந்திரத்தை அன்றுதான் வெளியே எடுப்பார்கள். கயிற்றை இழுப்பார்கள். பத்துத் தடவை இழுப்பார்கள். இயந்திரம் இருமக்கூட மாட்டாது.

இப்படியான ஓர் இயந்திரத்தை எவ்வாறு பரிசோதித்துத் திருத்துவது என்பதே இக்கட்டுரை. விஞ்ஞானப் பாடத்தில் அமுக்கம், தகனம், மின்காந்தத் தூண்டல் ஆகிய அலகுகளைப் படிப்பவர்களுக்கும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் என்ற பாடத்தை எடுத்தவர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும். ஒரு செயன்முறையை ஒழுங்காக விளக்கி எழுதப் பழகுபவர்களும் வாசிக்கலாம்.

நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் படிப்பிப்பவன். எஞ்சினைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் சித்தப்பா கூலிக்குப் புல் வெட்டுபவர். பாடசாலை மைதானம், கோயில் வீதி, தேவாலய வளவு என்று மாரி முடிந்த மூன்று மாதங்களில் உழைப்பதுதான் அவருடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி. ஒரு தை மாதம், மைதானம் ஒன்றை வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு அவருடைய இயந்திரம் நின்றுவிட்டது. திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனார். "எஞ்சின் முடிஞ்சுது, புதுசு போட வேணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அந்தப் பருவம் முழுவதும் வெட்டினாலும் வராது. போட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அந்த நான்கு நாளில் சித்தப்பாவும் நானும் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு

இது தள்ளிக்கொண்டு போகும் நான்கு சில்லு இயந்திரம். இதன் வெட்டலகு, எஞ்சினின் சுழலும் தண்டின் கீழ் நுனியிலேயே நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கும். தண்டு சுழன்றால் அலகும் சுழலும். இதன் மறுதலையும் உண்மை: அலகைக் கையால் சுழற்றினால் தண்டும் சுழலும், முசலமும் அசையும். உள்ளே எரிபொருள் ஆவி மிச்சம் இருந்தால், ஓடாத எஞ்சின் என்று நீங்கள் நினைத்திருக்கும் அந்த எஞ்சின் ஒரு தடவை வெடித்துத் திரும்பும். விரலுக்கு அந்த ஒரு தடவை போதும்.

அலகின் வேகத்தைக் கணித்துப் பாருங்கள். அலகின் நீளம் 50 சென்ரிமீற்றர். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை, அதாவது செக்கனுக்கு 50 தடவை சுழல்கிறது என்க. அலகின் நுனி ஒரு சுற்றில் செல்லும் தூரம் 3.14 x 0.5 = 1.57 மீற்றர். எனவே ஒரு செக்கனில் 78.5 மீற்றர். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 283 கிலோமீற்றர்! கடுகதி ரயிலும் கிட்ட வராது. அந்த வேகத்தில் தட்டுப்படும் கல் எங்கே போய் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அலகுப் பக்கம் கை வைக்கும் முன்னர் தீப்பொறிச் செருகியின், அதாவது பிளக்கின், தலையில் மாட்டியிருக்கும் தடித்த வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. வீட்டில் வளர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

இயந்திரத்தைச் சரிக்க வேண்டியிருந்தால் காபரேற்றரும் வளி வடிகட்டியும் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சரியுங்கள். நான் முதல் நாள் இதை மாற்றிச் செய்தேன். எஞ்சின் ஒயில் முழுவதும் வடிகட்டிக்குள் இறங்கி, அந்தக் காகித வடிகட்டி தோய்த்தெடுத்த அப்பளம்போல ஆகிவிட்டது. நான்கு நாளில் ஒரு நாள் என் கைங்கரியத்தால் போயிற்று. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, நீர் போய் ரியூசனைப் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

எஞ்சின் எதைக் கேட்கிறது?

நான்கடிப்பு எஞ்சினை ஜேர்மனியரான நிக்கலஸ் ஒட்டோ 1876 இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்ற நான்கு அடிப்புகளையும் நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் அந்த மனனத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: உறிஞ்சும்போது வளியும் எரிபொருளும் சரியான அளவில் வந்தனவா? நெருக்கும்போது அமுக்கம் உண்டானதா? நெருக்கல் முடியும் தறுவாயில் தீப்பொறி பறந்ததா? இந்த மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையென்றால் இவற்றுள் ஏதோ ஒன்று இல்லை. எது இல்லை என்று தெரிவதற்கு முன்னர் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். சித்தப்பாவின் இயந்திரத்தைப் பார்த்தவர்கள் செய்யாமல் விட்டது இந்தக் கேள்விகளைத்தான். கயிற்றை இரண்டு தரம் இழுத்தார்கள், தலையாட்டினார்கள், விலை சொன்னார்கள்.

நெருக்கலை அறிவது மிக எளிது. கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை தடைப்பட வேண்டும். பிறகு இளகி மறுபடி தடைப்பட வேண்டும். அந்தத் தடைதான் முசலம் வளியை நெருக்குவதற்கான சான்று. கிணற்றுக் கப்பியில் வெறுங்கயிற்றை இழுப்பதுபோலத் தடையே இல்லாமல் வந்தால் வால்வோ, முசல வளையமோ, தலைப் பகுதியின் அடைப்போ கெட்டிருக்கலாம். அது வீட்டு வேலை அன்று. எங்கள் இயந்திரத்தில் தடை நன்றாக இருந்தது. எஞ்சின் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்தது தீப்பொறி. பிளக்கைக் கழற்றி வயரை அதன் தலையில் மாட்டுங்கள். பிளக்கின் புரியுள்ள உலோகப் பகுதி எஞ்சின் உலோகத்தில் தொடும்படி, பிளக் இருந்த துளையிலிருந்து தள்ளி, கைபிடியில் இறப்பர் போட்ட குறட்டால் பிடியுங்கள். பெற்றோல் சிந்தியிருந்தால் துடைத்து உலரவிட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். பிளக்கின் இடைவெளியில் நீல நிறப் பொறி தெரிந்தால் மின் பகுதி சரி. இதில் பலர் விடும் தவறு ஒன்று உண்டு. தள்ளும் கைபிடியோடு சேர்ந்து ஒரு தடி இருக்கும். அதை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிரேக் விழுந்து, தீப்பொறியும் துண்டிக்கப்பட்டிருக்கும். தடியைப் பிடிக்காமல் சோதித்துவிட்டுக் கொயில் எரிந்துபோயிற்று என்று புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இயந்திரத்தில் பற்றரி இல்லை. தீப்பொறிக்கு மின் எங்கிருந்து வருகிறது? கயிற்றை இழுக்கும்போது சுழலும் பாரச் சில்லின் விளிம்பில் ஒரு நிலையான காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அது கம்பிச் சுருளைக் கடக்கும் கணத்தில் காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின் தூண்டப்படுகிறது. மைக்கல் பரடே 1831 இல் கண்டறிந்த அதே விளைவு. குறைந்த சுற்றுகளுள்ள முதற்சுருளிலிருந்து மிகக் கூடிய சுற்றுகளுள்ள துணைச்சுருளுக்கு மாறும்போது வோல்ற்றளவு 10,000 ஐயும் தாண்டும். பிளக்கின் இடைவெளி முக்கால் மில்லிமீற்றர் அளவுதான். ஆனாலும் நெருக்கப்பட்ட வளியினூடாக அந்த இடைவெளியைத் தாண்ட அவ்வளவு வோல்ற்றளவு வேண்டும். அந்த வயரை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்கச் சொல்லாதீர்கள்.

பிளக்கை வீசிவிடாமல் உற்றுப் பாருங்கள். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் எரிபொருள் கூடிவிட்டது அல்லது வளி குறைந்துவிட்டது. வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள், மண் கொட்டும். பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, எரியவில்லை. பத்து இழுப்புக்குப் பிறகும் உலர்ந்திருந்தால் பெற்றோல் உருளைக்குள் வரவேயில்லை.

எங்கள் பிளக் உலர்ந்திருந்தது.

பெற்றோல் பழசாகுமா?

ஒரு தேநீர்க் கரண்டியிலும் குறைவான புதுப் பெற்றோலைப் பிளக் துளைக்குள் விட்டு, பிளக்கைப் பூட்டி, வயரை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுத்தோம். இயந்திரம் உறுமிக்கொண்டு எழும்பியது. மூன்று செக்கனில் நின்றுவிட்டது. சித்தப்பாவின் முகம் சுருங்கியது. எனக்கோ துள்ள வேண்டும்போல இருந்தது. நெருக்கல் உண்டு, பொறி உண்டு, எரிபொருளைக் கையால் கொடுத்தால் ஓடுகிறது. தானாக எடுக்கத்தான் முடியவில்லை. எனவே பிழை தொட்டிக்கும் உருளைக்கும் இடையில். மூன்று செக்கன் ஓடியது எங்களுக்குத் தேடவேண்டிய இடத்தை முழம் அளவுக்குச் சுருக்கித் தந்தது.

தொட்டியில் பெற்றோல் இருந்தது. முகர்ந்தால் பெற்றோல் மணம் இல்லை. பழைய வார்னிஷ் தகரத்தின் மணம். பெற்றோல் ஒரு தனிப் பொருள் அன்று. விரைவில் ஆவியாகும் இலேசான ஐதரோகாபன்களும் மெதுவாக ஆவியாகும் பாரமானவையும் கலந்த கலவை. குளிர்ந்த எஞ்சின் முதல் இழுப்பில் பற்றிக்கொள்ள இலேசானவைதான் வேண்டும். ஏனெனில் திரவம் எரிவதில்லை. வளியோடு கலந்த ஆவியே எரிகிறது. எங்கள் வெயிலில், இறுக்கமில்லாத தொட்டியில், ஒரு மாதத்துக்குள்ளேயே இலேசானவை போகத் தொடங்கும். எஞ்சியது வளியிலுள்ள ஒட்சிசனோடு மெல்ல மெல்லத் தாக்கமடைந்து பிசினாகும்.

இதை விளங்கிக்கொள்ள உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1990 களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் காண்பதே அரிது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் செய்ய முடியாது. அது எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி, அது சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவியாகிவிடும். என் அப்பா சட்டைப் பையில் ஒரு சிறிய மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு திரிவாராம். களஞ்சிய அறையில் ஒன்பது மாதம் கிடந்த எங்கள் பெற்றோலும் பாதி மண்ணெண்ணெய் மாதிரித்தான் ஆகியிருந்தது. 2022 இல் எரிபொருள் நெருக்கடியின்போது வரிசையில் நின்று வாங்கியதைச் செலவழிக்க மனமில்லாமல் பூட்டிவைத்த பலருக்கும் இதுவே நடந்தது.

பிசின் போய் அடைத்த இடம் காபரேற்றர். அது செய்யும் வேலையைப் பாருங்கள். வளி செல்லும் குழாய் நடுவில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் வளியின் வேகம் கூடும், அமுக்கம் குறையும். கீழே உள்ள கிண்ணத்தில் நிற்கும் பெற்றோலின் மேல் வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. இந்த அமுக்க வித்தியாசம் பெற்றோலை ஒரு நுண்துளை வழியே மேலே தள்ளி வளியோடு தூவுகிறது. ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 கிராம் வளி என்பது கணக்கு. அந்தத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. குண்டூசித் தலையளவு பிசின் போதும், முழு இயந்திரமும் நின்றுவிடும்.

தொட்டியிலிருந்து வரும் குழாயைக் குறட்டால் மெதுவாக நெரித்துப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தைத் தாங்கும் ஒற்றை போல்ற்றைக் கழற்றினோம். கிண்ணத்தின் அடியில் பச்சையும் மஞ்சளுமாகக் களி. சில எஞ்சின்களில் அந்த போல்ற்றிலேயே நுண்துளை இருக்கும், எங்களுடையதும் அப்படி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி வரவில்லை. மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் கம்பியில் ஒன்றை எடுத்து நுழைத்துச் சுத்தம் செய்தோம். ஊசியோ உருக்குக் கம்பியோ பாவிக்கக் கூடாது. பித்தளைத் துளை உருக்கைவிட மென்மையானது. அகன்றுவிட்டால் எரிபொருள் கூடிப் புகை கக்கும். புதுப் பெற்றோலில் கிண்ணத்தைக் கழுவி, பழையதை முழுவதும் வடித்து, தொட்டியையும் அலசி, மறுபடி பூட்டினோம். இரண்டாவது இழுப்பில் எழும்பியது, நிற்கவில்லை. சித்தப்பா தடியை விடாமல் அப்படியே ஒழுங்கை வரை தள்ளிக்கொண்டு போனார். செலவு: ஒன்றரை லீற்றர் பெற்றோலும், நான் கெடுத்த வடிகட்டிக்குப் பதில் ஒன்றும்.

இடையில் ஒரு வரலாற்றுக் குறிப்பு. படிப்பிப்பவனின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாவது புல்வெட்டி இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830 இல் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்தே அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அவருடையது உருளை வடிவில் சுழலும் அலகு. நாங்கள் பேசும், தரைக்குச் சமாந்தரமாகச் சுழலும் வகையைப் பரப்பியவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மேர்வின் விக்டர் றிச்சட்சன். 1952 இல் தன் வீட்டில் கழிவுப் பொருள்களைக் கொண்டு செய்த முதல் இயந்திரத்துக்கு அவர் வைத்த பெற்றோல் தொட்டி, பீச் பழம் அடைத்து விற்ற வெறுந்தகரம்.

எல்லாம் சரி, ஆனாலும் ஓடவில்லை

நெருக்கல் இருக்கிறது, பொறி இருக்கிறது, புதுப் பெற்றோல் வருகிறது. ஆனாலும் எஞ்சின் ஓட மறுக்கிறது. அல்லது கயிற்றைக் கையிலிருந்து பறிப்பதுபோலத் திருப்பி இழுக்கிறது. அப்போது ஒரு கேள்வி: கடைசியாக வெட்டும்போது எதிலாவது மோதியதா?

யாழ்ப்பாண மண்ணில் இது அடிக்கடி நடக்கும். புல்லுக்குள் முருகைக்கல் மறைந்திருக்கும், அல்லது தறித்த மரத்தின் அடிக்கட்டை. அலகு கல்லில் மோதித் தண்டு சடுதியாக நிற்கும். மேலே உள்ள பாரச் சில்லோ சடத்துவத்தால் தொடர்ந்து சுழல முயலும். இரண்டையும் இணைத்து வைத்திருப்பது தீப்பெட்டிக் குச்சி நீளமுமில்லாத மென்மையான ஓர் உலோகத் துண்டு, சாவி என்பார்கள். அது வெட்டுப்பட்டுச் சில்லு சற்றே விலகிவிடும். காந்தம் சில்லில்தானே இருக்கிறது? ஆகவே பொறி பறக்கும், ஆனால் பிழையான நேரத்தில் பறக்கும். சோதனையில் பொறி தெரியும், எஞ்சின் ஓடாது. கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பதுபோல.

விலையுயர்ந்த தண்டு கெடாதிருக்க மலிவான சாவி தன்னைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே அந்த இடத்தில் பலமான இரும்பாணியை வெட்டிச் செருகாதீர்கள். அடுத்த கல்லில் தண்டே வளைந்துவிடும். சில்லைக் கழற்ற அதற்கான இழுப்பான் வேண்டும். சுத்தியலால் தட்டினால் சில்லு வெடிக்கலாம். இதை நான் கராச்சுக்குத்தான் அனுப்புவேன். ஆனால் "சாவியைப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்புவேன். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் புது எஞ்சின் விற்பது கடினம்.

வளைந்த அலகைத் தட்டி நிமிர்த்துவதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் இருக்கலாம். செக்கனுக்கு 78 மீற்றர் என்ற கணக்கை மறந்துவிடாதீர்கள். அலகு மாற்றப்பட வேண்டும். இன்னொன்று: தோளில் மாட்டி வெட்டும் கருவிகளில் பெரும்பாலானவை ஈரடிப்பு எஞ்சின்கள், அவற்றுக்குப் பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும். இந்தச் சில்லு இயந்திரத்துக்கு ஒயில் தனி இடத்தில், பெற்றோல் தனி இடத்தில். இரண்டும் உள்ள வீட்டில் கான்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

சித்தப்பா இப்போது பங்குனிக் கடைசியில் கடைசி வளவை வெட்டி முடித்ததும் தொட்டியிலுள்ளதை வடித்துவிட்டு, காபரேற்றரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுகிறார். பெற்றோல் கானில் வாங்கிய திகதியைச் சோக்கால் எழுதுகிறார். எழுத்து என்னுடையதைவிட வடிவு.

பயிற்சி: ஒரு புல்வெட்டி இயந்திரம் நன்றாக எழும்பி, பத்து நிமிடம் ஓடி, மெல்லத் தளர்ந்து நிற்கிறது. தொட்டியில் பாதிக்கு மேல் புதுப் பெற்றோல் உண்டு. தொட்டியின் மூடியைத் திருகும்போது வளி உள்ளே செல்லும் சத்தம் கேட்கிறது. மூடியைத் திறந்து பூட்டிய பின் இயந்திரம் மறுபடி பத்து நிமிடம் ஓடுகிறது. மூடியின் நடுவில் உள்ள சிறு துளையைக் குளவி மண்ணால் அடைத்திருக்கக் காணப்பட்டது. அத்துளை எதற்காக இடப்பட்டது, அது அடைபட்டதும் பெற்றோல் ஏன் இறங்கவில்லை என்பதை வளிமண்டல அமுக்கம் என்ற பதத்தைப் பயன்படுத்தி ஐந்து வரிகளில் விளக்குக.